வாரம் ஒரு துண்டு சீஸ்

அத்தியாயம் பதினொன்று

செவ்வாய்க்கிழமை வெல்டன்பரோவில் சந்தை நாள். அன்றைக்குச் சதுக்கத்தில் கார் நிறுத்த இடம் தேடுகிறவனைப் பார்த்தாலே வெளியூர்க்காரன் என்று சொல்லிவிடலாம். ஜைல்ஸ் ஆட்கின் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான். லண்டன் போய் இமொஜனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே குடியேறிய பிறகு அதையெல்லாம் மறந்துவிட்டான். முட்டைக் கடைக்கும் மீன் வண்டிக்கும் நடுவே காரை நுழைத்து, மீன்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பவும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தான்.

துணிக்கடை ஜன்னல் வழியாக அவனுடைய அக்கா பிலிப்பா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை மட்டும் நல்லபடியா முடிஞ்சிடட்டும், பிப். அப்புறம் உன் கடைக்கு ஒரு கவலையும் கிடையாது." போன வாரம் ஜைல்ஸ் ஃபோனில் சொன்னது இது. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கவலை அதிகமாகிவிட்டது.

விஷயம் இதுதான். சதுக்கத்தின் வடக்கு வரிசையில் நிற்கும் அந்தக் கல் கட்டடம் அவர்களுடைய அப்பா வில்ஃப்ரெட் ஆட்கினுக்குச் சொந்தம். மாடியில் அவர் குடியிருக்கிறார். கீழே இரண்டு கடைகள். ஒன்றில் பிலிப்பா துணியும் நூல்கண்டும் பொத்தானும் விற்கிறாள். மற்றதில் ஒரு வங்கிக் கிளை இருந்தது. ஊர் ஊராகக் கிளைகளை மூடிக்கொண்டு வந்தவர்கள் இதையும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது ஒரு பெரிய காபிக்கடைக் கம்பெனி அந்த இடத்தைப் பதினைந்து வருஷத்துக்குக் கேட்கிறது. அப்படிப்பட்ட கம்பெனி கையெழுத்துப் போட்டால் கட்டடத்தின் மதிப்பு எங்கேயோ போய்விடும், அந்த மதிப்பின் மேல் பெரிய கடன் வாங்கலாம், கூரையை மாற்றலாம், முடிந்தால் எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய தானிய மண்டியையும் வாங்கிப்போடலாம் என்று ஜைல்ஸ் இந்த வசந்த காலத்திலிருந்து கனவு கண்டுகொண்டிருந்தான். கடன் கொடுக்கப் போகிறவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் இன்றைக்கு வருகிறார்.

பிலிப்பாவின் வாடகை ஒப்பந்தம் இந்த செப்டம்பர் மாதக் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளோடு முடிகிறது. புது ஒப்பந்தம் எப்போது என்று அப்பாவைக் கேட்டால் "வரும், வரும்" என்பார். ஜைல்ஸைக் கேட்டால் "செவ்வாய்க்கிழமை முடியட்டும்" என்பான். விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்தக் கடை ஒன்றுதான். அது தன் கையில் இருக்கிறதா, இவர்கள் இரண்டு பேர் வாயில் இருக்கிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கதவு மணி அடித்தது. ஜைல்ஸ் உள்ளே வந்தான். புது கோட்டு, பளபளவென்று ஷூ, முகத்தில் தூக்கமில்லாத சோர்வு.

"அப்பா எங்க?"

"சந்தைக்குப் போயிருக்கார்."

"இன்னைக்குமா?"

"செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகலேன்னா அவருக்கு உடம்பு சரியில்லேன்னு அர்த்தம். நீ இந்தப் பக்கம் வந்து எத்தனை செவ்வாய்க்கிழமை ஆச்சு?"

ஜைல்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கேளு. அந்தம்மா பேரு நடீன் ஹார்வுட். வந்தாங்கன்னா டீ குடு, சிரி, வானிலை பத்திப் பேசு. வேற எதுவும் பேசாத."

"ஏதாவது கேட்டா?"

"என்னைக் காட்டு. உனக்கு வாயைத் திறந்தா உண்மை மட்டும்தான் வரும், பிப்."

"அது ஒரு குறையா?"

"மத்த நாள்ல இல்ல."

அவன் பழைய வங்கிப் பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டான். பெருக்கித் துடைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். "ஆனா ஜைல்ஸ், பின்னாடி அந்தப் பெட்டக அறை இருக்கே…"

"அது கிடக்கட்டும். சாவி தொலைஞ்சுபோச்சுன்னு அப்பா சொல்லிட்டார். வெளியில நின்னு காட்டினாப் போதும்."

சாவி தொலையவில்லை. அது சந்தையில் சீஸ் விற்கும் மார்லீன் டாஃப்ட்டின் ஏப்ரன் பையில் இருக்கிறது. வங்கி காலி செய்துகொண்டு போன அந்தக் குளிர்காலத்திலிருந்தே மார்லீனின் சீஸ் உருண்டைகள் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால்தான் பழுத்துக்கொண்டிருக்கின்றன. வருஷம் முழுக்க ஒரே குளிர், எலி நுழைய வழியில்லை. பணத்தை விட சீஸுக்குத்தான் அந்த அறை பொருத்தம் என்று ஊரே சொல்லியாயிற்று.

இது ஜைல்ஸுக்குத் தெரியும் என்றே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்பா ஏன் அவனிடம் சாவி தொலைந்துவிட்டது என்றார்? வயசாகி மறந்துவிட்டாரா? மறக்கிற ஆளா அவர்? கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது ஜைல்ஸ் வெளியே போய்விட்டிருந்தான்.

நடீன் ஹார்வுட் பத்து மணி வாக்கில் வந்தாள். முப்பது வயசு இருக்கும். மழைக்கோட்டு, சேறு படிந்த பூட்ஸ், கையில் சிவப்புப் புள்ளி விழுகிற அளக்கும் கருவி. ஜைல்ஸ் அவளுக்கு முன்னால் ஓடி ஓடிக் கதவு திறந்தான். அவள் கூரையைப் பார்த்தாள், சுவர் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், சதுக்கத்தில் எத்தனை கடை காலியாக இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஜைல்ஸ் பேசப் பேச அவள் தலையை ஆட்டினாளே தவிர எதையும் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

துணிக்கடையை அளக்க வந்தபோது அவளுடைய கோட்டுப் பொத்தான் அலமாரி விளிம்பில் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"கழட்டிக் குடுங்க. தெச்சுத் தரேன்," என்றாள் பிலிப்பா.

"வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"பொத்தான் கடைக்குள்ள வந்து பொத்தான் இல்லாமப் போனீங்கன்னா எனக்குத்தான் கெட்ட பேரு."

நடீன் சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஜைல்ஸின் ஃபோன் அடிக்க, அவன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். நடீன் தன் வரைபடத்தைத் துணி வெட்டும் மேஜையில் விரித்து எண்களை எழுதத் தொடங்கினாள். எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பிலிப்பாவின் கண்ணில் வரைபடம் தலைகீழாகத் தெரிந்தது.

தலைகீழாக இருந்தாலும் சொந்தக் கடை தெரியாமல் போகுமா? அவளுடைய கடைக்கும் வங்கிக்கும் நடுவே உள்ள சுவர் மட்டும் புள்ளிக்கோடாக இருந்தது. அவள் கடை இருக்க வேண்டிய இடத்தில் வட்ட வட்டமாக மேஜைகள் வரைந்திருந்தன.

"இந்தப் புள்ளி எல்லாம் என்னங்க?"

"இடிக்கற சுவர்." நடீன் தலை நிமிரவில்லை. "ரெண்டு கடையும் ஒண்ணாச் சேர்ந்தாத்தான் காபிக் கம்பெனிக்கு வேணும். சமையலறை பின்னாடி பெட்டக அறையில, உக்கார்ற இடம் இங்க. உங்களுக்குத் தெரியுமே? மாசக் கடைசியில நீங்க காலி பண்றீங்கன்னு உங்க தம்பி எழுதியிருந்தாரே."

பிலிப்பா ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.

"நான் காலி பண்ணலையே," என்றாள் மெதுவாக. "எனக்குப் புது ஒப்பந்தம் வரப்போகுது."

நடீன் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். தர்மசங்கடம் அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. "அது உங்க குடும்ப விஷயம், நான் பேசக்கூடாது. ஆனா உங்க பழைய ஒப்பந்தத்தை நான் பார்த்தேன். ஒப்பந்தம் முடிஞ்சாலும் கடையிலேயே தொடர சட்டம் ஒரு உரிமை குடுக்குது, அது எனக்கு வேண்டாம்னு நீங்களே உறுதி குடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதனாலதான் கேட்டேன்."

பிலிப்பாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கடைத்தெரு வக்கீல் அலுவலகம். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். வெளியே காரில் காத்திருந்தாள். "குடும்பத்துக்குள்ளதானே, ஒரு சம்பிரதாயம்," என்றார் வக்கீல். மழை வேறு வரப் பார்த்தது. படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

காலையிலிருந்து இன்றைய நாள் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். நல்லபடியாக முடிந்தால் அவள் கடை போய்விடும் என்பது இப்போதுதான் தெரிகிறது. பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கோட்டை நீட்டினாள்.

"கடைசியா அந்தப் பெட்டக அறையை மட்டும் பார்த்துடறேன்," என்றாள் நடீன். "வாங்களேன் நீங்களும்."

பழைய வங்கிக்குள் கவுன்டர்களைப் பிடுங்கிய தடம் தரையில் இன்னும் இருந்தது. ஜைல்ஸ் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று, சாவி தொலைந்த கதையை ஆரம்பித்தான். பூட்டு உடைக்கிறவனுக்குச் சொல்லியாயிற்று, உள்ளே வெறும் காற்றுதான் என்றான்.

அவன் சொல்லி முடிக்கும்போது பின்கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸ் சத்தம் தொப் தொப்பென்று வந்தது. மார்லீன் டாஃப்ட் ஒரு மரத்தட்டைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"கொஞ்சம் நகரு கண்ணு," என்றாள் ஜைல்ஸிடம். "மீன்காரன் உன்னைத்தான் திட்டிட்டு இருந்தானா? நல்லா இளைச்சுப்போயிட்ட."

ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்தாள், பூட்டைத் திறந்தாள், உள்ளே போனாள். சீஸ் மணம் குப்பென்று வந்து எல்லோர் மூக்கிலும் ஏறியது. அலமாரி அலமாரியாக, ஒரு காலத்தில் நோட்டுக்கட்டு அடுக்கியிருந்த இடத்தில், துணி சுற்றிய உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஜைல்ஸ் வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் நின்றான்.

"இவங்க யாரு?" என்று நடீன் கேட்டாள்.

"இவங்க… இங்க தற்காலிகமா, ஏதோ கொஞ்சம் சாமான்…" ஜைல்ஸ் மென்று விழுங்கினான். அக்காவைப் பார்த்தான். அவளோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், புள்ளிக்கோடு வரைந்த அந்தச் சுவரை.

அப்போதுதான் வில்ஃப்ரெட் ஆட்கின் வந்தார். எழுபத்தெட்டு வயசு, சந்தைத் தொப்பி, ஒரு கையில் பீங்கான் தட்டு, மறு கையில் சின்னக் கத்தி. நாற்பது வருஷமாக இந்தச் சதுக்கத்தில் வாடகை வசூலித்த மனிதர். கூட்டத்தைப் பார்த்து அவர் சற்றும் அசரவில்லை.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. மார்லீன், இன்னைக்கு வாடகை நாளாச்சே."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீங்களா, வில்ஃப்?" மார்லீன் ஓர் உருண்டையிலிருந்து பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். "இந்தாங்க. இந்த வாரத்துக்கு ஆச்சு."

"ஆச்சு," என்றார் வில்ஃப்ரெட்.

நடீன் பேனாவை மூடியவள் மறுபடி திறந்தாள். "மிஸ்டர் ஆட்கின், வாடகைன்னீங்களே?"

"அப்பா விளையாடறார்," என்று ஜைல்ஸ் குறுக்கே விழுந்தான். "அது சும்மா ஒரு பேச்சு. அவங்க குடுக்கறது அன்புக்காக."

"நான் வக்கீல் இல்ல," என்றாள் நடீன். "ஆனா ஒருத்தர்கிட்ட சாவி இருக்கு, அவங்க மட்டும் அந்த இடத்தைப் புழங்கறாங்க, வாரா வாரம் வாடகைன்னு ஒண்ணு குடுக்கறாங்க, வாங்கறவரும் வாடகைன்னே வாங்கறாருன்னா, சட்டம் அதைச் சும்மா விடாது. பணமாத்தான் இருக்கணும்னு இல்ல. எதுவும் எழுதிக்காததுதான் இவங்களுக்குப் பலம். உரிமை வேண்டாம்னு இவங்க எங்கயும் கையெழுத்துப் போடலையே. அப்படின்னா இந்த இடம் காலின்னு நான் எழுத முடியாது. இங்க சமையலறை வராதுன்னா காபிக் கம்பெனியும் வராது."

படிக்காமல் கையெழுத்துப் போட்டவளுக்கு ஓர் உரிமையும் இல்லை. ஒன்றிலும் கையெழுத்தே போடாத சீஸ்காரிக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று பிலிப்பாவுக்கு விளங்கவில்லை. இந்த ஊர் நியாயம்தான்.

ஜைல்ஸ் மார்லீன் பக்கம் திரும்பினான். குரலில் தேன் வடிந்தது. "மார்லீன், ஒரு சின்னத் தாள்ல எழுதித் தரேன், இது வாடகை இல்லேன்னு. ஒரு கையெழுத்து போதும். வேற இடம் நானே பார்த்துத் தரேன்."

"அதுக்கென்ன கண்ணு, போட்டாப் போச்சு." அவள் வில்ஃப்ரெடைப் பார்த்தாள். "போடட்டுமா வில்ஃப்?"

வில்ஃப்ரெட் சீஸை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கண்ணாடி கொண்டு வந்திருக்கியா மார்லீன்?"

"இல்லையே. கடையிலே இருக்கு."

"கண்ணாடி இல்லாமக் கையெழுத்துப் போடக்கூடாது. இந்தக் குடும்பத்துல ஒருத்தி அப்படிப் போட்டுட்டு நிக்கறா."

பிலிப்பா சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

நடீன் பேனாவை மூடினாள். "ஒருத்தர் வாடகைங்கறீங்க, ஒருத்தர் அன்பளிப்புங்கறீங்க. கட்டடத்துக்காரர் சொல்றதையோ கடன் கேக்கறவர் சொல்றதையோ மட்டும் வெச்சு நான் எழுத முடியாது. வாரா வாரம் கூட இருந்து பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

வில்ஃப்ரெட், மார்லீன், ஜைல்ஸ் மூன்று பேரும் பிலிப்பாவைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க," என்றாள் பிலிப்பா.

"ஊருக்குள்ள இன்னும் சில கட்டடம் பார்க்கணும். நீங்க கடை மூடறதுக்குள்ள வரேன்."

அன்று மதியம் துணிக்கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. ஒருத்தி நீலத் துணி கேட்க, பிலிப்பா பச்சையை வெட்டினாள், இன்னொருத்திக்குச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டு, அவளே திருப்பித் தந்ததையும் வேண்டாமென்றாள். கூட்டம் குறைந்ததும் ஜைல்ஸ் உள்ளே வந்து, திறந்திருக்கிறது என்ற பலகையை அவனாகவே திருப்பிப் போட்டான்.

"எப்ப சொல்றதா இருந்த?" என்று அவள் கேட்டாள்.

"இன்னைக்கு சாயங்காலம். சத்தியமா. முதல்ல மதிப்பு வரட்டும்னு இருந்தேன்."

"சுவரை இடிச்சதுக்கப்புறமா?"

"பிப், உனக்கு இதைவிட நல்ல இடம் வெச்சிருக்கேன். தானிய மண்டியில முன்பக்கம். ஜன்னல் இதைவிடப் பெரிசு."

"மண்டி யாருதுன்னே தெரியாது. அதுல எனக்கு ஜன்னலா?"

அவன் பொத்தான் பெட்டியைத் திறந்து மூடினான். சின்ன வயசில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் இதையேதான் செய்வான். "அன்பளிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் காலைல உன்கிட்டே உண்மையப் பேசாதன்னு சொன்னேன் இல்ல, அதை வாபஸ் வாங்கிக்கறேன். இதுவும் உண்மைதானே? பாதி உண்மை. மார்லீன் அப்பாவுக்குப் பிரியமாத்தானே குடுக்கறா?"

"பிரியமாத்தான் குடுக்கறா."

"பாத்தியா."

"எனக்கு ஒண்ணும் புரியல, ஜைல்ஸ். என்னை ஏமாத்தினது நீ. இப்ப என்கிட்ட கெஞ்சறதும் நீ. நான் உன்னைத் திட்டணுமா, தேத்தணுமா?"

"ரெண்டும் அப்புறமாச் செய்," என்றான் அவன். அவன் குரல் ஏதோ மாதிரி இருந்தது. கோபம் இருக்க வேண்டிய இடத்தில் பயம் இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் போனதும் அவள் மாடிக்கு ஏறினாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தைக் கூடாரங்களைப் பிரிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னமே தெரியும், இல்லையா?"

"எது?"

"சுவர். என் கடை. எல்லாம்."

"வரைபடத்தை எனக்கும் காட்டினான்." அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "அழகாப் போட்டிருந்தான். மேஜையெல்லாம் வட்ட வட்டமா."

"அப்ப முடியாதுன்னு சொல்லவேண்டியதுதானே அப்பா?"

"உங்க அம்மா போனதுக்கப்புறம் அவன் எனக்கு வாரா வாரம் ஃபோன் பண்றதே இந்தக் கட்டடத்தைப் பத்திப் பேசத்தான், பிப்."

அவளுக்குக் கோபமும் பாவமும் சேர்ந்து வந்தது. "அதுக்காக சாவி தொலைஞ்சதுன்னு பொய் சொன்னீங்களா? இன்னைக்குத் தட்டைத் தூக்கிட்டு வந்தது வேணும்னேதானா? வாடகைன்னு சொன்னது?"

"ஆரம்பிச்சப்ப விளையாட்டுத்தான்."

"இப்ப?"

"நாப்பது வருஷம் வாடகை வாங்கியிருக்கேன்," என்றார் வில்ஃப்ரெட். ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது பிலிப்பா படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா தன்னைக் காப்பாற்ற இப்படிச் செய்தாரா, மகனிடம் நேரே பேசத் துணிவில்லாமல் செய்தாரா? தான் சொல்லப் போவது உண்மைக்காகவா, கடைக்காகவா? யோசிக்க யோசிக்க நூல் சிக்கல் விழுந்துகொண்டே போனது. ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது நினைவில்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நடீன் ஹார்வுட் சொன்னபடியே வந்தாள். சந்தை கலைந்து, சதுக்கத்தில் கோஸ் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜைல்ஸ் துணி வெட்டும் மேஜைக்கு எதிரே நின்றான். வில்ஃப்ரெட் கீழே வந்து கவுன்டரில் தட்டை வைத்துச் சீஸைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார், ஏதோ விருந்தாளி வந்த மாதிரி.

"உங்களைக் கஷ்டப்படுத்தறேன்னு தெரியுது," என்றாள் நடீன். "ஒரே கேள்வி. அது வாடகையா, அன்பளிப்பா?"

பிலிப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போன குளிர்காலத்துல மார்லீனுக்குக் காய்ச்சல். ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வரல. அடுத்த வாரம் வந்தப்ப ரெண்டு துண்டு கொண்டு வந்தா. போன வாரப் பாக்கின்னு சொன்னா. அப்பா ரெண்டையும் எடுத்துக்கிட்டு, கணக்கு சரியாப் போச்சுன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன்." அவள் மூச்சு வாங்கினாள். "அன்பளிப்புக்கு யாரும் பாக்கி வைக்க மாட்டாங்க இல்லையா? அது வாடகைதான்."

நடீன் இரண்டு வரி எழுதினாள். பொத்தானுக்கு இன்னொரு தடவை நன்றி சொன்னாள். மதிப்பு எவ்வளவு வரும் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கதவு மணி அடித்து ஓய்ந்தது.

ஜைல்ஸ் கத்துவான் என்று பிலிப்பா எதிர்பார்த்தாள். அவன் நூல்கண்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

"நீ சொன்னது தப்பில்ல," என்றான். "உன்னைக் கேட்டா இதுதான் வரும்னு எனக்குத் தெரியும்."

"வேற வழியில கடன் வாங்கலாம், ஜைல்ஸ். மண்டியை அப்புறம் வாங்கிக்கலாம். அவசரம் என்ன?"

"மண்டியை வாங்கிட்டேன், பிப்."

அவளுக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம் வந்தது. "எப்போ?"

"ஜூன்ல. ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே முந்திக்கிட்டேன். ஆறு மாசக் கடன். இந்தப் பெரிய கடன் வந்ததும் அதை அடைச்சுடலாம்னு ஏற்பாடு."

"எதை ஜாமீன் வெச்சு?"

அவன் துணி வெட்டும் மேஜையைப் பார்த்தான். "லண்டன் வீட்டை."

"இமொஜனுக்குத் தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினான். இல்லை.

கவுன்டரில் கத்திச் சத்தம் நின்றது. அப்பாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இந்தச் சதுக்கத்தில் இருக்கும் என்று பிலிப்பா இதுவரை நினைத்ததில்லை. வில்ஃப்ரெட் கத்தியைக் கீழே வைத்தார். உட்கார இடம் தேடினார். ஒரே முக்காலியில் மகன் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா," என்றான் ஜைல்ஸ். "வசந்த காலத்துல நான் முதல்ல வந்து கேட்டப்ப, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கிழவர் கவுன்டரில் கிடந்த சீஸ் துணுக்குகளைக் கையால் ஓரமாக ஒதுக்கினார்.

"சொல்லியிருக்கலாம்," என்றார் கடைசியில்.

மேஜை மேல் கிடந்த ஜைல்ஸின் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. திரையில் இமொஜன் என்று வந்தது. ஜைல்ஸ் எழுந்திருக்கவில்லை. வில்ஃப்ரெட் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் பிலிப்பாதான்.